ஃபுட்போர்டில் வந்த தாத்தா

அந்தக் கார் எங்கள் ஷெட்டுக்கு வந்த அன்று அதற்குள் மூன்று கோழிகள் இருந்தன. டிராக்டரில் ஏற்றிக் கட்டியவர்கள் யாரும் அவற்றைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. எங்கள் வாசலில் வண்டியை இறக்கியதும், பின்சீட்டு இருந்திருக்க வேண்டிய பள்ளத்திலிருந்து ஒவ்வொன்றாக வெளியே குதித்து, ஊர் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல நின்றன. மாமா ஒன்றைப் பிடித்துத் தூக்கி அப்பாவிடம் காட்டினார்.

"இன்ஜின் எப்படியோ தெரியாது மச்சான். பேசஞ்சருங்க நல்லா இருக்குறாங்க."

மாமா என்பது என் அம்மாவின் தம்பி. அப்பாவுக்குக் காஞ்சிபுரத்தில் லாரி, வேன் பழுது பார்க்கும் ஷெட் இருந்தது. மாமா அங்கே வெல்டர், பாதி மெக்கானிக், முழுநேரப் பேச்சாளர். ஷெட்டுக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. நான் அப்போது நான்காம் வகுப்பு.

நான் அதுவரை பார்த்த கார்களுக்கெல்லாம் கூரை இருந்தது. இதற்கு இல்லை. மூக்கு மட்டும் முழு நீளத்தில் பாதி. சைக்கிள் சக்கரம்போலக் கம்பி வைத்த சக்கரங்கள். முன்சக்கரத்தின் மேல் வளைந்து எழுந்த மட்கார்டு அப்படியே கீழே இறங்கி, கதவுக்கு அடியில் அகலமான ஃபுட்போர்டாகி, பின்சக்கரத்தின் மேல் மறுபடி ஏறியது. அந்தக் கம்பெனியின் பெயர் முகப்பில் பித்தளையில் பொறிக்கப்பட்டிருந்தது. அதை எப்படி உச்சரிப்பது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மாமா மட்டும் தினமும் ஒரு விதமாக உச்சரித்து, ஒவ்வொரு நாளும் அதுதான் சரி என்று சாதித்தார்.

காரின் சொந்தக்காரர் சென்னையில் இருந்த ஒரு டாக்டரம்மா. அவருடைய அம்பாசடர் ஒருமுறை எங்கள் ஊரில் நின்றுபோனபோது அப்பா சரிசெய்து கொடுத்திருந்தார். அந்தப் பழக்கத்தில் வந்தார். காரின் கதையை அவர்தான் சொன்னார். முதலில் அது ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருடையது. ரயில்வே வேலைக்கு வந்தவர், கப்பலில் கூடவே கொண்டுவந்தாராம். லீவு நாளில் மற்ற துரைமார்களோடு பந்தயம் விடுவாராம். ஊருக்குத் திரும்பும்போது டாக்டரம்மாவின் தாத்தாவுக்கு விற்றுவிட்டார். அந்தத் தாத்தா முசரவாக்கத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் பெரிய பண்ணையார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. டிரைவர் ஒருவர், கிளீனர் ஒருவர் வைத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகு வண்டி மாட்டுக்கொட்டகைக்குப் போனது. மாடுகள் விற்றுப்போன பிறகு கோழிகள் எடுத்துக்கொண்டன.

"எங்கம்மாவுக்கு எண்பதாவது பிறந்தநாள் வருது. சின்ன வயசில் இதில் போனதையே சொல்லிக்கிட்டிருப்பாங்க. அன்னிக்கு அவங்களை இதில் உட்கார வைக்கணும். முடியுமா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

சென்னையில் இரண்டு பட்டறைகளில் முடியாது என்று சொல்லியிருந்தார்களாம். அப்பாவும் அப்படித்தான் சொல்வார் என்று அம்மா எதிர்பார்த்தாள். நானும் எதிர்பார்த்தேன். அப்பா காரைச் சுற்றி வந்தார். இன்ஜினைத் திறந்து பார்க்கவில்லை. இடப்பக்கம் குனிந்து, ஃபுட்போர்டின் மேல் காய்ந்திருந்த கோழி எச்சத்தைக் கையாலேயே சுரண்டிவிட்டு, "செய்யறேம்மா" என்றார்.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் அந்தக் காரில்தான் போய் முடிந்தது. பிஸ்டன்கள் இறுகிப்போயிருந்தன. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி நாற்பது நாள் ஊறவைத்தார்கள். தகட்டுக்கு உள்ளே உடம்பு முழுக்க மரச்சட்டம் என்பது பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த மரத்தில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. தறி செய்யும் ஆசாரி ஒருவர் வந்து, ஆணியே இல்லாமல் புதுச்சட்டம் கோத்துக் கொடுத்தார். பழைய பெயிண்ட் டேஷ்போர்டுக்கு அடியில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு மிஞ்சியிருந்தது. பெயிண்டுக் கடைக்காரர் ஆறு பச்சை கலந்து காட்டினார், ஆறும் சேரவில்லை. கடைசியில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர் ஒருவர் வந்து பார்த்து, "இதுல ஒரு சொட்டு கறுப்பு இல்லபா, நீலம் இருக்குது" என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போனார். அவர் சொன்னதுதான் சரி.

அப்பா மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்த் தாத்தாவைப் பார்த்து வருவார். என் அப்பாவின் அப்பா. முசரவாக்கம் தாண்டி ஒரு காலனியில் தனியாக இருந்தார். ஒவ்வொரு முறையும் காரைப் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிடுவாராம். "வேலை கீதுபா" என்பாராம் தாத்தா. அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்பது எனக்கே தெரியும். தாத்தாவுக்குக் கார் பிடிக்காது என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அந்தக் காரின் ஒவ்வொரு சக்கரத்தையும் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு இரண்டு காதுகள். காதில் சுத்தியலால் தட்டித்தான் இறுக்க வேண்டும், தட்டித்தான் கழற்ற வேண்டும். வலப்பக்கத்து மரை ஒரு திசை, இடப்பக்கத்து மரை எதிர்த்திசை. அப்படி இருந்தால்தான் வண்டி ஓட ஓட நட்டு தானாகவே இறுகும். பக்கம் மாறினால் ஓட ஓடக் கழலும். எந்த நட்டு எந்தப் பக்கம் என்று காட்டும் எழுத்துகள் முதலில் நட்டின்மேல் இருந்தன. முலாம் பூசச் சென்னைக்கு அனுப்பியபோது தேய்த்த தேய்ப்பில் அவை போய்விட்டன. அதனால் அப்பா, சக்கரம் மாட்டும் குடத்தையும் அதற்குரிய நட்டையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்து, வலப்பக்கத்துக்குச் சிவப்பு நூல், இடப்பக்கத்துக்குப் பச்சை நூல் என்று கட்டிவைக்கச் சொன்னார். கட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார். அடுத்த வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு நூலால் நான்தான் கட்டினேன்.

அந்த அடுத்த வீட்டில்தான் என் சிநேகிதி இருந்தாள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர்கள் வீட்டு வாசலில் வேன் நின்றது. ஆரணிக்குக் குடிபோகிறார்களாம். இன்னும் அரைமணியில் வேன் கிளம்பிவிடும் என்றாள். அவளுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஷெட்டுக்கு ஓடினேன். முன்சக்கரத்து ஜோடிகளில் இருந்த சிவப்பு நூலையும் பச்சை நூலையும் அவிழ்த்து, பின்னி, அவள் மணிக்கட்டில் கட்டிவிட்டேன். பின்சக்கரத்து நூலில் கிரீஸ் ஏறியிருந்ததால் அதை எடுக்கவில்லை. அவ்வளவு யோசிக்கத் தெரிந்த எனக்கு, எந்த ஜோடி எந்தப் பக்கம் என்று ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வைக்கத் தெரியவில்லை.

மறுநாள் தெருக்கோடி வீட்டில் கெஞ்சி வேறு நூல் வாங்கிவந்தேன். அதற்குள் மாமா தரையைப் பெருக்கி எல்லாவற்றையும் நகர்த்தி வைத்திருந்தார். இரண்டு ஜோடியும் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன. நான் விரலால் ஒன்றையும் மற்றொன்றையும் மாறி மாறித் தொட்டு இருபத்தொன்று வரை எண்ணினேன். எண்ணிக்கை எதில் முடிந்ததோ அதற்குச் சிவப்பு. மற்றதற்குப் பச்சை.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அப்பா அடிக்கிறவர்கூட இல்லை. ஆனால் "உன் பொறுப்பு" என்று சொல்லித்தான் என்னிடம் கொடுத்திருந்தார். அந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வண்டியை மாட்டி முடித்து, மாமா முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றி, ஏழாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டபோது தெருவே கைதட்டியது. ஷெட்டு வாசலுக்கும் தெருமுனைக்கும் நாலு முறை ஓட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. நான் சரியாகத்தான் எண்ணியிருக்கிறேன் என்று அன்று நன்றாகத் தூங்கினேன்.

பிறந்தநாள் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய நாள், சர்ச் முடிந்து வந்ததும் அப்பா, "கொஞ்சம் தூரம் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் குடுக்கணும்" என்று வெள்ளைச் சட்டையோடேயே காரில் ஏறினார். தலை கலைந்துவிடும் என்று அம்மா வரவில்லை. மாமா முன்சீட்டில். நான் பின்னால், புதுத்தோல் மணக்கும் சீட்டில் தனியாக, ராணி மாதிரி. மாமாவுக்குக் கோயில் மாடவீதியில் ஒரு சுற்றாவது போக வேண்டும் என்று ஆசை. தெரிந்தவர்கள் எல்லாம் பார்க்க வேண்டாமா. அப்பா ஊருக்கு வெளியே முசரவாக்கம் பக்கம் திருப்பினார்.

காலனிக்குள் திரும்பும் இடத்திலேயே தாத்தா நின்றுகொண்டிருந்தார்.

"சத்தம் கேட்டுச்சு. அதான் வந்தேன்" என்றார். அப்புறம், "சைலன்சர் சத்தம் மாறிக்கீதே" என்றார்.

"பழசு கிடைக்கலப்பா. வேற போட்டேன்."

தாத்தா காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, சூடு இருந்தும் எடுக்காமல் நின்றார். கார் பிடிக்காதவர் இப்படிச் செய்ய மாட்டாரே என்று எனக்குக் குழப்பம். அப்போதுதான் அப்பா எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். பண்ணையார் வைத்திருந்த கிளீனர் தாத்தாதான். பன்னிரண்டு வருஷம் இந்த வண்டியைக் கழுவி, துடைத்து, கைப்பிடி சுற்றி ஓட வைத்தவர். மாமா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். மாமா பேச்சில்லாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

மாமா பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அப்பா இறங்கி வந்து முன்கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுப்பா."

"நான் இங்கியே வரேன்" என்று தாத்தா கதவைச் சாத்திவிட்டு, இடப்பக்கத்து ஃபுட்போர்டில் ஏறி, ஒரு கையால் முன்கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபது வயசுக்காரர் ஏறியதுபோலவே இல்லை.

"உள்ள உக்காருப்பா. சீட்டு காலியாத்தான் இருக்குது."

"இருக்கட்டும். நீ ஓட்டு."

அப்பா இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை குரல் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு கியரைப் போட்டு, ஆள் நடக்கும் வேகத்தில் நகர்த்தினார். காலனிப் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். நான் அவர்களுக்குக் கையாட்டினேன்.

காலனி தாண்டியதும் பாதை ஏரிக்கரை மேல் ஏறியது. ஏரி இடப்பக்கம். கரையிலிருந்து தண்ணீர் நல்ல ஆழத்தில் தெரிந்தது. அப்பா கொஞ்சம் வேகம் கூட்டினார். அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. டிக்... டிக்... டிக். முன்பக்கத்திலிருந்து. யாருக்கும் அது ஒரு சத்தமாகவே பட்டிருக்காது. எனக்கு மட்டும் அது என்ன என்று தெரிந்துவிட்டது. "அப்பா" என்றேன். இன்ஜின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எழுந்து நின்று, முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, "அப்பா! நூலு..." என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் தாத்தா கதவின்மேல் படபடவென்று அறைந்தார். "நிறுத்து! நிறுத்துபா! சக்கரம்!"

அப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி கொஞ்சம் இழுத்து, ஏரிப்பக்கமாக ஒருமுறை சாய்ந்து, நின்றது. தாத்தா குதித்து இறங்கி முன்சக்கரத்தின் அருகே உட்கார்ந்தார். நட்டைச் சுத்தியலே இல்லாமல் விரலால் இரண்டு சுற்றுச் சுற்றினார். கழன்று கையோடு வந்துவிட்டது.

அப்பா வலப்பக்கம் ஓடிப் பார்த்தார். அங்கேயும் அதே கதை. எழுந்து கரைக்குக் கீழே தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாமாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"நூலைப் பார்த்துத்தான் மச்சான் மாட்டினேன். சத்தியமா. பச்சை இடது, செவப்பு வலது. அக்கா மேல சத்தியமா மச்சான்." அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா அவரை எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"மாமா மேல தப்பு இல்லப்பா. நூலை நான் அவுத்துட்டேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். சிநேகிதி, வேன், ஆரணி, இருபத்தொன்று வரை எண்ணியது, எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அழுதேன். அழுதுகொண்டே சொன்னதில் பாதி அவர்களுக்குப் புரிந்ததோ என்னவோ.

அப்பா கரையோரத்தில் மண்ணிலேயே, அந்த வெள்ளைச் சட்டையோடு, பொத்தென்று உட்கார்ந்தார். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அப்பாவை அழவைத்துவிட்டேன் என்று நான் இன்னும் பலமாக அழுதேன். கையை எடுத்தபோது பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"எந்த விரலால எண்ணின?"

காட்டினேன். அந்த விரலைப் பிடித்துத் தன் கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொண்டார். "நாளைக்கு அந்தப் பாட்டியம்மா உக்காந்திருப்பாங்கடி இதுல" என்றார். "இன்னிக்கே கழண்டுச்சே. நல்ல வேளை. நல்ல வேளை." அதையே ஏழெட்டு முறை சொன்னார். என் நெஞ்சில் இத்தனை நாளாக உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. ஏரிக் காற்று அவ்வளவு நேரமும் வீசிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என்னை ஒரு நிமிஷத்துல கொலைகாரன் ஆக்கிட்டியேடி" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தார். அது நியாயமான குட்டு.

ஜாக்கியும் சுத்தியலும் ஸ்பேனர்களும் அப்பா கொண்டுவந்திருந்தார். இருவரும் ஏரிக்கரையிலேயே முன்சக்கரங்களைக் கழற்றி, குடங்களைப் பக்கம் மாற்றிப் பூட்டினார்கள். தாத்தா நட்டுகளைத் தன் வேட்டியால் துடைத்துக் கொடுத்தார். வேலை நடக்கும்போது நான் அவரிடம் கேட்டேன், எப்படிப் பார்த்தீங்க என்று.

"கிளீனருக்கு அதாம்மா வேலை. வெளிய நின்னுகினு சக்கரத்தைப் பார்க்கணும். உள்ள உக்காந்தா தெரியாது."

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. தாத்தா உள்ளே உட்காராமல் வந்ததற்குக் காரணம் இதுதான். சக்கரத்தைப் பார்ப்பதற்கு. பன்னிரண்டு வருஷமும் அதற்காகத்தான் நின்றுகொண்டே போயிருக்கிறார். இவ்வளவு கெட்டிக்காரத் தாத்தா என் வகுப்பில் யாருக்கும் இல்லை என்று பெருமையாக இருந்தது.

வண்டி மறுபடி நேராக நின்றது. அப்பா நட்டுகளின் காதில் சுத்தியலால் தட்டி, சிறிது தூரம் ஓட்டி, இறங்கிப் பார்த்தார். நட்டு அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன்கதவைத் திறந்தார்.

"இப்போ சக்கரம் நல்லா இருக்குதுப்பா. யாரும் பார்க்க வேணாம். உக்காரு."

தாத்தா பாதையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தூரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரைத் தவிர யாரும் இல்லை. குனிந்து செருப்பைக் கழற்றி, ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதறினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி, சீட்டின் நுனியில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார்.

காரின் தரையில் புதுக் கால்மிதி விரித்திருந்தது. இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று நானும் என் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். தாத்தா திரும்பிப் பார்த்தார்.

"நீ போட்டுக்கோமா."

"அழுக்காயிடும் தாத்தா."

"ஆவட்டும். நீ போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். அப்பா வண்டியை எடுத்தார். காஞ்சிபுரம் போகும் வழியில் ஒரு ஊர்த்தெரு. இரண்டு பக்கமும் மச்சுவீடுகள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வாசலெல்லாம் ஆட்கள். காரைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாரோ, "யார் வண்டிப்பா?" என்று கேட்டார்கள். அப்பா வேகத்தைக் குறைத்தார். நின்றுவிடுமோ என்று நினைக்கும் அளவுக்குக் குறைத்தார்.

தெருவின் நடுவில் வந்தபோது தாத்தா செருப்பைத் தரையில் வைத்து, ஒவ்வொரு காலாக மாட்டிக்கொண்டார். பிறகு சீட்டின் நுனியிலிருந்து நகர்ந்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகப் பாதையையே பார்த்து ஓட்டினார்.

இன்ஜின் சூட்டில் தாத்தாவுக்குக் கால் சுட்டிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.